இடக்கை முடிச்சு

பிச்சைக்கனி தம்பானூர் லாட்ஜுக் கட்டடங்களுக்கு மூங்கில் சாரம் கட்டியே கிழவரானவர். இப்போது எலும்பெல்லாம் வலித்து, கம்பு ஊன்றித்தான் நடை.

"கிட்னி செல்லு விளிம்புல உப்பைத் திரும்ப இழுக்குற வாசல் உண்டு, பெரியவரே," என்றாள் டாக்டர் ஜெஸ்லின். "அதை அங்க பிடிச்சு நிறுத்துறது ஒரு புரதம். உங்க சாரம் மாதிரிதான். உங்களுக்கு அது கழண்டுபோச்சு. வாசல் உள்ள இறங்கிட்டு. எலும்புக்கு வேண்டிய உப்பு மூத்திரத்துல போவுது."

"அந்தச் சாரத்தை யாரு கட்டுனா?"

"யாரும் கட்டல்ல. அது தானே நிக்கும், கேட்டோ."

"தானா நிக்கிற சாரத்தை நான் பாத்ததில்ல. புளுகாதீங்க டாக்டரம்மா."

அவள் கொடுத்த மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டார்.

அடுத்த பரிசோதனையில் உப்பு போவது நின்றிருந்தது.

"மாத்திரைக்கு இப்படி நிக்காது. கழண்டதை யாரோ திரும்பக் கட்டின மாதிரில்லா இருக்கு!" ஜெஸ்லின் சிரித்தாள். "மூத்திரம் பிடிச்ச டப்பாவை எங்க வச்சிருந்தீங்க? அதுல இது கிடந்துச்சாம்."

அவள் நீட்டிய காகிதத்தில் ஒரு துண்டுக் கயிற்று நார் இருந்தது. சாரம் கட்டுகிற தேங்காய் நார்தான். அதில் ஒரு முடிச்சு, இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அப்படி முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான், அவர் மகன் செல்வின். இடக்கைக்காரன். எத்தனை ஏசியும் கையை மாற்றவில்லை. போன ஓணத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து செத்தான்.

பிச்சைக்கனி நாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கிட்னிய ஒரு படம் எடுங்க டாக்டரம்மா," என்றார். "அந்தச் சாரத்துலருந்து அவன் பத்திரமா எறங்கிட்டானான்னு பாத்துச் சொல்லுங்க."