முதல் குழந்தையின் பெயர்

பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தரக்கூடாது, உடன் வேலை செய்பவர்கள் ஊகித்துவிடுவார்கள் என்பது அலுவலக விதி. அதனால் ‘முதல் குழந்தையின் பெயர்?’ என்ற கேள்விக்கு, குழந்தையே இல்லாத வசுமதி ஒரு பெயரைக் கொடுத்திருந்தாள். கணவனிடம்கூடச் சொல்லாத பெயர். இன்று காலை அவளுடைய அலுவலகக் கணினிக் கணக்கு முடங்கிவிட்டது. கணினிப் பிரிவு ரியாஸ் தன் இருக்கையிலிருந்தே கேட்டான். “மேடம், முதல் குழந்தை பேரு?” கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் அவனருகில் போய் முணுமுணுத்தாள். “ஏசி சத்தத்துல கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.” “தேன்மலர்.” யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கணக்கு திறந்தது. “இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே, மாத்தியாகணும் மேடம். இந்தப் பேரை இனிமே நீங்க போட முடியாது.” திரையிலிருந்த பெயரைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் விரல்கள் அதன்மேல் அசையாமல் நின்றன. அடுத்த மேசை பிரமிளா நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி எழுந்து வந்தாள். “பேரு ரொம்ப அழகா இருக்குக்கா. நான் எடுத்துக்கவா? உங்களுக்குத்தான் இனிமே வேண்டாமே.”