இழைக்குள் ஓட்டை

"பெர்க்கெலே! மறுபடியும் ஓட்டை!" நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்திய ரீக்கா ஃபின்னிய மொழியில் திட்டிவிட்டுப் பல்லைக் கடித்தாள்.

மரத்தின் நாரையும் அதைப் பிணைக்கும் லிக்னின் என்ற பசையையும் கலந்து நூலாக இழுத்து, உலர்த்தும் பெட்டியில் காயவைத்து, உலையில் கருக்கினால் இரும்பாய் உறுதியான கரியிழை வரவேண்டும். கிறிஸ்துமஸ் வரை வந்துகொண்டுதான் இருந்தது. அதன்பிறகு வந்த இழையெல்லாம் நடுவில் பொத்தலாகி, தொட்டாலே ஒடிந்தது.

"மரத்தை மாத்திட்டேன், உலையை மாத்திட்டேன். இனிமே என்னைத்தான் மாத்தணும்!" என்றாள், உடன் ஆய்வு செய்யும் யோர்மாவிடம்.

"காயவைக்கிறதுல ஏதாவது கோளாறா?"

"அதே பெட்டி, அதே சூடு. முன்னைவிடச் சுத்தமா வேற இருக்கு. நூல் சட்டுனு மொறுமொறுன்னு காஞ்சிடுது."

"சுத்தமா இல்லாம எப்படி இருக்கும்? கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி என் காலுறையை அதுலேருந்து தூக்கி எறிஞ்சவ தானே நீ!" யோர்மாவுக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உறைஞ்ச கடல்மேல சறுக்கிக்கிட்டு வேலைக்கு வர்றவன், சொட்டச் சொட்ட நனைஞ்ச காலுறையை வேற எங்க காயப்போடுவான்?"

"தினமும் அதுலயா போட்டே? என் நூலோடயா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

ரீக்கா உலர்த்தும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். காலுறையின் ஈரம் பெட்டிக்குள் இருந்தவரை, நூல் அவசரமில்லாமல் உள்ளும் வெளியும் ஒன்றாகக் காய்ந்திருக்கிறது. அதனால்தான் ஓட்டை விழவில்லை!

அவள் குனிந்து காலணியைக் கழற்றினாள்.

"என்ன பண்றே?"

"பனியில நடந்துட்டு வரப்போறேன். நீயும் வா, காலுறையோட!"