இடது கன்னம்

"அண்ணி, சத்தியமா நான் அந்த டியூபைத் தொடவே இல்ல."

"எங்கிட்ட சொல்லாத. டாக்டர் கேப்பாங்க, அவங்ககிட்ட சொல்லு" என்றாள் கணக்கு டீச்சர், நாத்தனார் முகத்தைப் பார்க்காமலே.

டீச்சரின் மடியில் அவளுடைய நாலு வயது மகள் சிட்டு. குழந்தையின் இடது கன்னம் சிவந்து, ஓரமெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பு நின்றுவிட்டால் என்ன செய்வது?

தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சோப்பு அலர்ஜி இல்ல, பூச்சிக்கடியும் இல்ல. உங்க பருவுக்கு ரெட்டினாய்டு கிரீம் எழுதிக் கொடுத்தேனே, அது பட்ட மாதிரி இருக்கு. பெரியவங்களுக்கே ஆரம்பத்துல எரிஞ்சு உரியும். பிஞ்சுத் தோல் தாங்குமா?"

"கேட்டுக்கிட்டியா?" டீச்சர் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "வேலியே பயிரை மேஞ்ச கதைதான் டாக்டர். பகலெல்லாம் புள்ள இவகிட்டதான் இருக்கு. மூஞ்சி பளிச்சுனு ஆகட்டும்னு தடவிப் பார்த்திருக்கா."

"நீங்கதான் அதை பீரோவுல வச்சுப் பூட்டிடுறீங்களே அண்ணி."

"சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதாக்கும். டாக்டர், போன மாசம் நான் டிரெய்னிங்னு ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். அப்ப கன்னம் சுத்தமா ஆறிடுச்சு. தனியா இருக்கும்போது பழி தன் தலையில விழும்னு மகராசி ஜாக்கிரதையா இருந்திருக்கா. நான் வந்ததும் பழையபடி ஆரம்பிச்சிடுச்சு."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நீங்க எப்படிப் பூசுறீங்க?"

"நீங்க சொன்னதுல ஒரு புள்ளி மாத்தல. எனக்கும் தொட்டாச்சிணுங்கித் தோலாச்சே. ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரி மூஞ்சி கழுவி, ஈரம் நல்லா காஞ்சப்புறம் பட்டாணி அளவு. மேல மாய்ஸ்சரைசர். அப்புறம் நேரா போய்ப் படுத்துடுவேன். காலையில சன்ஸ்கிரீன் போடாம வாசல் தாண்ட மாட்டேன்."

"அதான் முகம் இவ்வளவு தெளிவா இருக்கு."

பாராட்டு அவள் காதில் ஏறவே இல்லை. 'உங்க தங்கச்சி ஹாஸ்டலுக்குப் போகணும், இல்லேன்னா நான் புள்ளையோட கிளம்புறேன்' என்று கணவனிடம் ஒரே போடாகப் போட்டிருந்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவனும் வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டான். நாத்தனாரின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சாயங்காலம் கிளம்ப வேண்டியவள், துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் குழந்தையிடம் குனிந்தார். "சிட்டு, அத்தை உனக்கு கிரீம் தடவினாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"வேற யாராச்சும்?"

அதற்கும் இல்லை.

"அது காட்டிக் கொடுக்காது டாக்டர். அத்தைன்னா அதுக்கு உசிரு" என்றாள் டீச்சர், எரிச்சலும் அழுகையுமாக.

டாக்டர் கொஞ்ச நேரம் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிடா செல்லம், ராத்திரி நீ எப்படித் தூங்குவேன்னு எனக்குக் காட்டு பார்க்கலாம்."

சிட்டுவுக்கு ஒரே குஷி. இரண்டு கைகளாலும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உரிந்த இடது கன்னத்தை அம்மாவின் கன்னத்தோடு அழுத்தி ஒட்டவைத்து, "இப்படி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.