வரிசை தப்பு

‘இந்த மனுஷன் வாயிலிருந்து “பரவாயில்லை”ன்னு ஒரு வார்த்தை வந்தா நாக்கு வெந்தா போயிடும்?’

வெளியே சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், சாப்பாட்டு மேசைக்கு எதிரே வந்து நின்ற கணவரின் கால்களை மட்டும் பார்த்தாள்.

“உன் புதிர்ல வரிசை தப்பு,” என்றார் அவர்.

வானியல் பேராசிரியர். இருபது வருஷமாகக் கோள்களோடுதான் குடித்தனம். அவளோ ஆன்லைன் விளையாட்டு ஒன்றுக்குப் புதிர் வடிவமைப்பவள். ‘வீட்டம்மா என்ன பண்றாங்க?’ என்று யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல ஏதோ பொம்மை செய்யறா” என்பார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் திரையை எட்டிப் பார்த்தவரில்லை.

அப்படிப்பட்டவர் மூன்று நாளாக அவளையே சுற்றிச் சுற்றி வந்து இந்தப் புதிரைப் பற்றிப் பேசினார். அதுதான் அவளுக்குள் ஒரு நப்பாசையைக் கிளப்பிவிட்டிருந்தது. குறை சொல்லத்தான் என்றாலும், மதிக்காத ஒன்றைப் பற்றி ஒருவர் இவ்வளவு யோசிப்பாரா? கடைசியில் தப்பித்தவறி ஒரு நல்ல வார்த்தை விழுந்துவிடாதா?

“என்ன தப்பு?” என்றாள்.

“சூரியன் நட்சத்திரம். சந்திரன் துணைக்கோள். மீதி அஞ்சும் கோள். மூணு ஜாதியையும் கொண்டுவந்து ஒரே வரிசையில நிறுத்தியிருக்கே. ரேஷன் கடையா இது?”

“உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னா?”

“வகுப்புல பசங்க பேசிக்கிட்டாங்க.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “காதுல விழுந்தது.”

புதிர் இதுதான்: பூட்டிய கோட்டைக் கதவு ஒன்று. அதன் முன்னால் அந்தரத்தில் சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள் என ஏழு ஒளிக்கோளங்கள். எதிலும் பெயர் எழுதியிருக்காது. ஏழு பேர் ஓர் அணியாக வந்து, ஆளுக்கொரு கோளத்தின் கீழே நின்று, சரியான வரிசையில் தொட்டால் கதவு திறக்கும். துப்பு ஒரே வரிதான்: ‘ஒருவர் போனால்தான் அடுத்தவர் வருவார்.’

“ஒருவர் போனால்தான் அடுத்தவர் வருவாராம்!” அவர் மூக்கால் சிரித்தார். “ஒரே ராத்திரியில அஞ்சு கோளையும் சேர்த்துப் பாத்தவன் நான். யாருக்குக் காது குத்தறே?”

“விளையாட்டுதானே. விடுங்களேன்.”

“எப்படி விடறது? சூரியன்லேருந்து தூரத்தை வெச்சு வரிசையா?”

“இல்லை.”

“எடை?”

“இல்லை.”

“அப்ப பிரகாசம். பிரகாசமாத்தான் இருக்கணும்.”

“அதுவும் இல்லை.”

“சுத்திவர்ற காலத்தையும் போட்டுப் பாத்தாச்சு…” சட்டென்று நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதாவது, மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். ஒண்ணுக்கும் ஒத்து வரலை. விஞ்ஞானம் தெரியாதவங்க வானத்துல கை வெச்சா இப்படித்தான் ஆகும்.”

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஒருநாள் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது தோன்றிய புதிர் அது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் வரிசை. ஒரு கிழமை போனால்தானே அடுத்த கிழமை வரும்? வானத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவருக்கு வாரம் மட்டும் கண்ணில் படவில்லை. புதன்கிழமைதோறும் துறைக் கூட்டத்துக்குப் போகிறவர்தான்.

“அது சரி, இதை யாராவது திறந்திருக்காங்களா?” என்றார், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

“நேத்து மத்தியானம் வரைக்கும் நாற்பதாயிரம் அணி.”

அவர் முகம் சுண்டிவிட்டது. “நாற்பதாயிரமா? அப்ப அது புதிரே இல்லை. குருட்டாம்போக்குல தொட்டா திறக்கற கதவு. இதுக்கு ஒரு கம்பெனி, இதுக்கு ஒரு சம்பளம்!”

அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த நப்பாசையும் உதிர்ந்தது. இந்த வாயிலிருந்து இனி எதுவும் வராது என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது. வியப்பாக இருந்தது, இத்தனை வருஷம் எதற்குக் காத்திருந்தோம் என்று.

“தப்புன்னா தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்,” என்று திரையின் பக்கம் திரும்பினாள்.

அவர் போகவில்லை. “சரி, ஒரு ஆராய்ச்சிக்காகக் கேக்கறேன். முதல்ல தொட வேண்டியது எது? அதை மட்டும் சொல்லு.”

அவள் பதில் சொல்வதற்குள், அவருடைய சட்டைப்பையில் இருந்த கைபேசியிலிருந்து ஒரு குரல் கரகரத்தது.

“அண்ணே, இன்னும் எவ்வளவு நேரந்தான் சுத்தி வளைப்பீங்க? உங்களைப் பெரிய வானியல் புலின்னு நம்பி கேப்டன் ஆக்கினோம். மூணு நாளா ஆறு பேரும் அந்தக் கதவு முன்னாடி தேவுடு காக்கறோம். பேசாம அண்ணி கால்ல விழுந்துடுங்க!”

பேராசிரியர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. பதினான்கு வருஷத்தில் அவள் கேட்டேயிராத ஒரு குரலில், “சொல்லேன்மா, ப்ளீஸ்” என்றார்.

அவள் மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

“மாட்டேங்க,” என்றாள். “இவ்வளவு ஆசையா விளையாடறீங்க. நான் எதுக்கு நடுவுல புகுந்து கெடுக்கணும்?”