குட்டை முதல் நெட்டை வரை

கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், உயர வரிசையில் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்பின் முதல் நாள் விளையாட்டு இது. அடிதடியில்தான் முடியும் என்று பயந்த டீச்சர் நடுவில் அசையாமல் நிற்கிறாள். இவ்வளவு நேரம் சந்தைக்கடையாக இரைந்த அறையில் இப்போது மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்கிறது. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. பெயர்கூடத் தெரியாத தலைகளைச் சின்னக் கைகள் தடவுகின்றன; ரிப்பனைத் தொட்டு, காதைத் தொட்டு, தன் உச்சந்தலையோடு அளந்து பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் ஓசைப்படாமல் இடம் மாறுகிறது. ஒரு கை டீச்சரின் இடுப்பைத் தொடுகிறது. முழங்கையைத் தாண்டி, நுனிக்காலில் எம்பியும் தோள் எட்டாமல் தவிக்கிறது. “அடேங்கப்பா! இது முடியவே மாட்டேங்குதே!” என்று அந்தப் பிள்ளை விதியை மறந்து வாய்விடுகிறது. யாரும் சிரிக்கவில்லை. இன்னும் நாலைந்து கைகள் வந்து அவளைப் பிடித்து, வரிசையின் கடைசிக்கு மெல்ல இழுத்துப் போகின்றன. டீச்சரும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.