கொடுவா மீன் ஆறுகிறது

சரோஜாவின் தாத்தா சாப்பாட்டுக் குச்சியைத் தொடவே இல்லை.

பெரியவர் குச்சியைக் கையில் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். சரோஜா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி அது.

மேஜையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். நடுவில் இஞ்சி தூவி முழுசாக வேகவைத்த கொடுவா மீன், தலையைத் தாத்தா பக்கம் வைத்துக்கொண்டு ஆறிக்கொண்டிருந்தது. முட்டுக்காட்டிலிருந்து என் மாமா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மீன்.

எதிரே சரோஜாவின் அப்பா, டாக்டர் லியூ. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 'சைனா பல் டாக்டர்' என்று போர்டு மாட்டியிருப்பவர். ஐந்து வருஷமாக அவருடைய பட்டறையில் பல் செட்டு கட்டுவது நான்தான்.

மகளுக்கு அவர் வைத்த பெயர் சியூலான். அது தெருவுக்கு வாயில் நுழையவில்லை, சரோஜா ஆகிவிட்டாள். அவளை இந்தத் தாவீதுக்கு, அதாவது எனக்கு, கொடுப்பதா வேண்டாமா என்று அப்பா முடிவு செய்யமாட்டாராம். மெட்ராஸில் பெரிய மகனோடு இருக்கும் தாத்தா வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

ஒரு மாதமாக எனக்குப் பயிற்சி. பட்டறைக்குப் பின்னால், இரண்டு மூங்கில் குச்சியும் ஒரு கை வேர்க்கடலையும். முதல் வாரம் கடலை முழுவதும் காக்காய்க்குத்தான் போனது.

சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தக்கூடாது, அது செத்தவர்களுக்குச் செய்வது. நல்ல துண்டைத் தேடித் தட்டைக் கிளறக்கூடாது. பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். மீனைத் திருப்பிப் போடக்கூடாது, படகு கவிழும்.

எங்கள் முட்டுக்காட்டில் திருப்பிப் போட்டுத்தான் தின்கிறோம், இதனால் எந்தப் படகும் கவிழவில்லை என்றேன். அவள் முறைத்த முறையில் அந்த விதி மட்டும் உடனே மனப்பாடமானது.

இன்று காலையில் பட்டறையில் ஓர் அவசர வேலை வேறு. சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை, அம்மாவிடம் நல்ல திட்டு. வேலையை முடித்து, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விதிகளை ஜெபம் மாதிரி முணுமுணுத்தபடி நேரே இங்கே வந்துவிட்டேன்.

தாத்தா அந்தக் காலத்தில் பட்டுத்துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதுராந்தகம் வரை ஊர் ஊராக விற்றவர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்று சரோஜா சொல்லியிருந்தாள்.

நான் வந்து அரை மணி நேரமாகிறது. மனிதர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பிடுங்க தாத்தா என்று முறைப்படி அழைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

மேஜைக்கு அடியில் சரோஜா என் காலை மிதித்தாள். கூன் போட்டிருக்கிறேன் போல என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது மிதி. என் குச்சிகள் கோணலாக இருந்தன. நேராக்கினேன்.

மூன்றாவது மிதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் சட்டையையே பார்த்தாள். பொத்தான்களைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன்.

தாத்தா மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மீனைப் பார்த்தார்.

அவ்வளவுதான், என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நாளைக்குப் பட்டறையில் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? 

"யோவ், பையில இன்னா கீது?" என்றாள் சரோஜா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பையில் இருந்தது தாத்தாவின் பல் செட்டு.

மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய அன்றே அவருடைய பழைய செட்டு இரண்டாக உடைந்துவிட்டது. டாக்டர் ஈறுக்கு அச்சு எடுத்துக் கொடுத்து, புது செட்டு கட்டி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தாத்தாவிடம் சேர்த்துவிடு என்று சொல்லியிருந்தார். எல்லா விதியும் எனக்கு நினைவிருந்தது. இது ஒன்றுதான் மறந்துபோனது. பொக்கை வாயைப் புது ஆளிடம் காட்ட வெட்கப்பட்டு, பெரியவர் பாவம் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். அவரே சும்மா இருக்கும்போது மகனான டாக்டர் எப்படி வாய்விட்டுக் கேட்பார்?

எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பினார். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இப்போதும் குச்சியை எடுக்கவில்லை. கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, அப்படியே இருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னா மாப்ள, உங்க வூட்ல ஜெபம் பண்ணாம துன்ன மாட்டாங்கன்னு சரோஜா சொல்லிச்சே. சீக்கிரம் பண்ணு, மீன் ஆறுது."

அவருக்கும் பயிற்சி நடந்திருக்கிறது.

சரோஜாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். டாக்டரும் மூடியிருந்தார்.

நானும் மூடிக்கொண்டேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவரும் ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. அந்த 'மாப்ள' காதிலேயே இருந்தது, அடுத்த வரி வரவே இல்லை.

மிச்ச வரிகளை விட்டுவிட்டேன், ஆமென் மட்டும்தான் பாக்கி. 

பெரியவர்தான் முதலில் சொன்னார். பிறகு நாங்கள் மூன்று பேரும் சொன்னோம்.