கூடவே ஓடுவது

இந்திராணியின் லேப்டாப் திறப்பதற்குள் குக்கர் ஐந்து விசில் அடித்துவிடும். அதைச் சரிபார்க்க வெளியாட்களிடம் காட்டவே கூடாதென்று புருஷன் தயாபரன் ஒற்றைக்காலில் நின்றான். ஏன் இத்தனை மெதுவாகத் திறக்கிறதென்று அந்த மாடி முழுக்கக் கேட்டுப் பார்த்தாயிற்று. அவன் ஆபீஸ் போனதும் எதிர்வீட்டு ரோசலினிடம் கொண்டுபோனாள். லேப்டாப்பைத் திறந்தவுடன் தானாக ஓடும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்த ரோசலின், கடைசி ஒன்றில் நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க டைப் பண்றதையெல்லாம் இது அண்ணன் மெயிலுக்கு அனுப்புது. ரெண்டு வருஷமா. எடுத்துடவா?"

இந்திராணியின் காது சிவந்தது.

"இருக்கட்டும்டி. பாவம், அந்த மனுஷனுக்குப் படிக்க வேற என்ன இருக்கு?"

வீட்டுக்கு வந்து திறந்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. விவாகரத்து வக்கீலுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள், நிதானமாக, ஓர் எழுத்துப்பிழை விடாமல்.